கொம்பு பிறகு

மூன்றாம் மாடியில் பழைய கூட்ட அறை.
பன்னிரண்டு கணினி, பத்தொன்பது பேர்,
சுகாதாரப் பகுதிக்காரர் பக்கம் மட்டும் வீசுகிற
ஒரு குளிரூட்டி.
கடவுச்சொல்லில் ஓர் எண்ணும் ஒரு குறியும் கட்டாயம் என்றார்கள்.
பக்கத்துக் கதிரை பத்மசீலி
மகளின் பிறந்தநாளைப் போட்டு, நட்சத்திரம் ஒன்று வைத்து,
சரிதானா என்று
அறைக்கே கேட்க வாசித்தும் காட்டினாள்.

எனக்கு ஆதனவரிக் கந்தோரில் இருபத்தாறு வருசம்.
தட்டச்சில் நிமிடத்துக்கு நாற்பது சொல்.
'கெ' என்றால் முதலில் கொம்பு, அப்புறம் ககரம்.
கை எழுதும் வழியில்தான் விரலும் போகும்.
இங்கே ககரம் முதலில்,
கொம்பு பிறகு.
பிறகு அடித்தது திரையில் முன்னால் போய் நிற்கிறது,
வங்கி வரிசையில்
மனேஜருக்குத் தெரிந்த ஆள் மாதிரி.

முதல் நாள் முழுக்க என் கொம்புகள்
எழுத்துக் கிடைக்காமல்
ஒரு புள்ளி வட்டத்தைத் தூக்கிக்கொண்டு நின்றன.

ருசைக், கழிவகற்றல் மேற்பார்வையாளர்.
சாதாரண தரமும் எழுதவில்லை.
ஆறு வருசமாக எந்தச் சந்தியில் எத்தனை மணிக்கு லொறி,
எந்த மதிலோரம் எவ்வளவு குப்பை என்று
போனில் படமெடுத்து அனுப்பிப் பழகிய விரல்.
பத்தரைக்கே படிவத்தை முடித்துவிட்டு
பிளேன்டீக்குப் போனார்.
அவர் திரையை எட்டிப் பார்த்து எழுதினேன்.
ஐம்பத்திரண்டு வயதில் கொப்பியடித்தேன்.

இரண்டாம் நாள் தேடுதல்.
பெயரையோ வரி இலக்கத்தையோ இட்டால் போதுமாம்.
அப்படியானால் நான் யார்?
நாற்பத்தொரு பதிவேடு.
எதற்கு மட்டை போய்விட்டது,
எதைக் கறையான் எந்தத் தாள்வரை தின்றது,
எந்தத் தோட்டம் எந்தத் தோட்டத்துக்குள் மடிந்து கிடக்கிறது,
எல்லாம் என் தலைக்குள்ளே இருந்தது.
கவுண்டருக்கு அந்தப் பக்கம் நிற்பவருக்கு
என்னை விட்டால் வேறு வழியில்லை.
நாளைக்கு வாங்க.
ஹெட்ட எண்ட.
கம் டுமாரோ.
மூன்று மொழியிலும் எனக்கு இது சரளம்.
விசைப்பலகையில் தேடினேன்,
அதற்கொரு விசை இல்லை.

மூன்றாம் நாள் நிஜப் பதிவுகளைத் திறந்துவிட்டார்கள்.
ஏதாவது ஒரு பெயர் அடியுங்கள்.
ஏன் அந்தப் பெயர் வந்ததோ தெரியாது.
பகரம். கொம்பு பிறகு. ரி, ய, தா, ய்.
வே. பெரியதாய், ஜிந்துப்பிட்டி.
ஒவ்வொரு ஜனவரியும் ரசீதைச் சேலைத் தலைப்பில் முடிந்துகொண்டு வருகிறவர்.
செத்துப்போன மனுசன் பெயரை எடுத்துவிட்டு
தன் பெயரைப் போடச் சொல்லிக் கேட்பவர்.
விண்ணப்பமே வரவில்லை அம்மா,
நாளைக்கு வாங்க.

ஒரு கண்சிமிட்டலில் வந்தது.
சரிந்து பிடித்த படம், ஓரத்தில் தேநீர்க் கறை,
கறைக்குக் கீழே
பெற்றுக்கொண்டேன், ஐந்து வருசத்துக்கு முந்திய மார்ச் ஏழு,
என் பச்சை மை, என் சுருக்கொப்பம்.
பொய் சொன்ன ஞாபகம் எனக்கில்லை.
தேடிய ஞாபகமும் இல்லை.

பின்னால் கோப்பையோடு ருசைக்.
எவ்வளவு வாசித்தாரோ.
"சேவ் பண்ணுங்க மேடம்," என்றார்,
"கரண்ட் போனா எல்லாம் போயிரும்."

கடைசியில் ஆளுக்கொரு சான்றிதழ்.
தெய்வானை என்ற என் பெயரில்
கொம்பு தகரத்தைத் தாண்டி
யகரத்தோடு ஒட்டிக்கொண்டிருந்தது.
திருத்தித் தரச் சொல்லிக் கேட்டேன்.
திங்கட்கிழமை பார்க்கலாம் என்றார்கள்.

திங்கட்கிழமை ஒன்பது பத்து.
விண்ணப்பத்திலிருந்த இலக்கத்துக்கு எடுத்தேன்.
பின்னால் தண்ணீர்க் குழாயடிச் சத்தம், யாரோடோ சண்டை.
மாநகரசபையிலிருந்து, உங்கள் பெயர்மாற்றம்,
இன்றைக்கே வந்தால் முடித்துத் தரலாம் என்றேன்.
கொஞ்ச நேரம் குழாய்தான் பேசியது.

"நாளைக்கு வரட்டா?" என்றார் பெரியதாய்.

எனக்குத் தெரிந்த மூன்று மொழியிலும்
பதில் வரவில்லை.